கடலுக்கு ஊற்றல், கண்டலுக்கு ஊதல்

திருகோணமலையின் கரையையும் மரங்களையும் ஓடும் வர்ணத்தால் தீட்ட விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு முறைகளுக்கிடையே தடுமாறுகின்றனர். வர்ணத்தை இளக்கி ஓடவைக்கும் போரிங் மீடியம் கலந்த அக்ரிலிக்கைக் கான்வஸில் ஊற்றிச் சாய்ப்பது ஒன்று. நீர்த்த வர்ணத்துளியை ஸ்ட்ரோவினால் ஊதிப் படரவிடுவது மற்றொன்று.

ஊற்றும் முறையின் பலம் நீர்ப்பரப்பில் இருக்கிறது. மாரிகாலத்தில் மகாவலி ஆற்றின் கலங்கல் கொட்டியாரக் குடாவின் நீலத்தோடு சேரும் விளிம்பைத் தூரிகையால் காட்டுவது கடினம். சாய்த்த கான்வஸில் அது தானாகவே அமைகிறது. அடர்த்தி கூடிய டைட்டேனியம் வெள்ளையைக் கறுப்பின்மேல் ஊற்றினால் வெள்ளை அமிழ, கறுப்பு மேலெழுந்து கண்ணறைகள், அதாவது வலைக்கண் போன்ற வட்டப் புள்ளிகள், தோன்றும். மெக்சிக்க ஓவியர் சிக்கெய்ரோஸ் 1930களிலேயே இவ்விளைவைக் கையாண்டார். ஆனால் இதே கண்ணறைகள் அடிமரத்தில் விழுந்தால் மரம் சலவைக்கல்லாகிவிடும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் வேறொரு தொல்லையும் உண்டு: மேற்பரப்பு முதலில் காய்ந்து ஆடை கட்ட, அடியிலுள்ள ஈரம் பின்னர் சுருங்கும்போது படம் வெடிக்கிறது. யன்னலைச் சாத்திவிட்டு, வர்ணத்தை மெல்லிய படையாக ஊற்றுவதே பாதுகாப்பு.

மரத்துக்கு ஊதலே மேல் என்பது என் முடிவு. தாளின் அடியில் ஒரு துளியை விட்டு, ஸ்ட்ரோவைத் தாளோடு ஒட்டினாற்போலச் சரித்து ஊதினால் துளி இழையாக ஓடும். முனையில் குறுகிய மூச்சுகளாக விட்டு விட்டு ஊத, அது இரண்டு மூன்றாகப் பிரியும். போகப்போக வர்ணம் குறைவதால் அடி தடித்தும் நுனி மெலிந்தும் அமைவது இயல்பாகிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் ஒதுங்கும் பெருமரங்களுக்கு இது பொருந்தும். தாளைத் தலைகீழாகத் திருப்பி ஊதினால் கண்டல் வேர்களும் கிடைக்கும். பனைக்கு மட்டும் இது உதவாது. நேரான உடலையும் விசிறி ஓலையையும் தூரிகையிடமே விட வேண்டும்.

செலவிலும் ஊதலே சிக்கனம்: ஊற்றலில் கான்வஸின் ஓரங்களால் வழிந்தோடும் வர்ணம் சிறிதன்று, ஊதலுக்குச் சில துளிகள் போதும். பள்ளிச் சித்திர வகுப்புக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

கடலும் மரமும் ஒரே படத்தில் வேண்டுமெனில், கடலை ஊற்றி முற்றாகக் காயவிட்டு அதன்மேல் ஊதலாம். காய்ந்த அக்ரிலிக் நீரில் கரையாதாகையால், பிழையாய்ப் போன கிளையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டு மீண்டும் ஊதலாம். அத்தகைய அடித்தளத்தில் கண்ணறைக்காகச் சிலிக்கன் எண்ணெய் சேர்க்காதிருப்பது நல்லது. எண்ணெய்ப் பசை எஞ்சிய இடத்தில் துளி ஒட்டாமல் உருண்டு விலகும்.