மணிக்கட்டு முறிந்த தையற்காரரும் இலவச வழக்கறிஞரும்: ஒரு சட்ட உதவிச் சேவையின் மதிப்புரை

எங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சேவையைப் பதினான்கு மாதங்கள் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றின் பேருந்து, விடியற்காலையில் சாலையோரம் விளக்கின்றி நின்றிருந்த லாரியின் மீது மோதியதில், முன்வரிசையில் அமர்ந்திருந்த என் சித்திக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அவருக்கு வயது 43. வீட்டில் தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைத்துப் பிழைப்பவர்.

மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோதே தரகர் ஒருவர் தேடி வந்துவிட்டார். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், செலவு ஒன்றும் இல்லை, வரும் தொகையில் கால் பங்கு தந்தால் சரி என்றார். வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு என்று பக்கத்து வீட்டு அங்கன்வாடி ஆசிரியை சொன்னதால், தரகரை அனுப்பிவிட்டு நீதிமன்ற வளாகத்திலிருந்த அந்த அலுவலகத்துக்குச் சென்றோம். ஆதார் நகலும் ஒரு பக்க விண்ணப்பமும் கேட்டார்கள். பத்து நாள்களில் பேனல் வழக்கறிஞர் (ஆணைக்குழுவின் பட்டியலில் இருப்பவர்) ஒருவரை நியமித்தார்கள்.

அவர் முதலில் கேட்டது விபத்து நடந்த தேதியைத்தான். விபத்து இழப்பீட்டு மனுவுக்குக் காலக்கெடு இல்லை என்பது 1994 முதல் பலர் அறிந்த செய்தி; நாங்களும் அதை நம்பி நான்கு மாதங்களைக் கழித்திருந்தோம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் ஆறு மாதக் கெடு மீண்டும் வந்துவிட்டது. விபத்து அடுத்த மாவட்டத்தில் நடந்திருந்தாலும், காயமடைந்தவர் வசிக்கும் ஊரின் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்று அவர் சொன்னது பெரிய ஆறுதல். முறிந்த கையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் எண்பது கிலோமீட்டர் போய்வர முடியுமா?

யார்மீது வழக்குப் போடுவது என்பதில் அவருடைய அனுபவம் தெரிந்தது. பேருந்து ஓட்டுநர் லாரியைக் குறை சொல்ல, லாரிக்காரர் பேருந்தைக் குறை சொல்ல, நடுவில் பயணி அலைய வேண்டியதில்லை. இரண்டு வாகனங்களின் கவனக்குறைவு சேர்ந்து விபத்தானால், இருக்கையில் அமர்ந்திருந்த பயணி முழுத் தொகையையும் எந்த ஒரு தரப்பிடமிருந்தும் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் கூறியிருக்கிறது. இருந்தும் போக்குவரத்துக் கழகம், லாரி உரிமையாளர், லாரியின் காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாக அவர் சேர்த்தார். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாத 164ஆம் பிரிவின் கீழ், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் என்ற சுருக்கு வழியும் இருந்தது. ஆனால் தையல் தொழிலையே விடவேண்டி வரலாம் என்பவருக்கு அது போதாது என்று 166ஐத் தேர்ந்தெடுத்தார்.

இந்தச் சேவைக்கு நான் அதிக மதிப்பெண் தருவது தொகையைக் கணக்கிட்ட விதத்துக்காகத்தான். மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சான்றிதழில் 20 சதவீதம் என்று இருந்தது. ஒரு சதவீதத்துக்கு ஐந்தாயிரம் ரூபாய் என்று பெருக்கினால் ஒரு லட்சத்தோடு கதை முடிந்துவிடும். உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் பிரித்துக் காட்டியதை எங்கள் வழக்கறிஞர் பிடித்துக்கொண்டார். பாடகர் ஒருவருக்கும் தையற்காரர் ஒருவருக்கும் மணிக்கட்டு ஒன்றல்லவே. சித்தியின் மாத வருமானம் 12,000 ரூபாய். அந்த வயதில் சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 25 சதவீதம் கூட்டினால் 15,000. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்றால் மாதம் 4,500; ஆண்டுக்கு 54,000. ஆண்டு இழப்பை எதனால் பெருக்குவது என்று வயதுவாரியாகச் சொல்லும் உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பின்படி, 43 வயதுக்கான பெருக்கு எண் 14. ஆக, 7,56,000 ரூபாய். மருத்துவச் செலவும் வலி, வேதனைக்கான தொகையும் இதற்கு மேல்.

அந்த 12,000 ரூபாயை நிரூபிக்க, வாடிக்கையாளர் பெயரும் கூலியும் எழுதிய பழைய அளவு நோட்டுகள்தாம் உதவின. பேருந்து டிக்கெட்டை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். முதல் தகவல் அறிக்கையிலும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலிலும் 'பேருந்தில் பயணித்தபோது' என்று இருந்ததால் தப்பித்தோம்.

குறைகளும் உண்டு. வழக்கறிஞர் இரண்டு வாய்தாக்களுக்கு வரவில்லை; இளையவரை அனுப்பித் தள்ளிவைக்கச் சொன்னார். அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர் இல்லை. 15100 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொன்ன பிறகே மறுமொழி வந்தது. நகல் எடுக்கும் செலவையும் நாங்களே பார்த்துக்கொண்டோம்.

வழக்கு, சமரசமாகப் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) வந்தபோது எதிர்த்தரப்பு இரண்டும் சேர்ந்து முதலில் சொன்ன தொகை ஒன்றே முக்கால் லட்சம். எங்கள் கணக்குத் தாள் மேசைமேல் இருந்திராவிட்டால் சித்தி தலையாட்டியிருப்பார். அங்கு ஒருமுறை ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது என்பதை அமர்வில் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒத்துவராவிட்டால் வழக்கு மீண்டும் தீர்ப்பாயத்துக்கே போகும், இழப்பு ஒன்றுமில்லை என்று வழக்கறிஞர் காதில் சொன்ன பிறகுதான் சித்தி பேரத்தில் உறுதியாக நின்றார். ஆறு லட்சத்து இருபதாயிரத்துக்கு முடிந்தது. மனுத் தேதியிலிருந்து வரவேண்டிய வட்டியை விட்டுக்கொடுத்தோம். அந்த ஒன்றில் இன்னும் அழுத்தியிருக்கலாம் என்பது என் வருத்தம்.

காப்பீட்டு நிறுவனத்தின் பங்கு ஆறு வாரத்தில் வங்கிக் கணக்கில் ஏறியது. போக்குவரத்துக் கழகத்தின் பங்கு வர ஐந்து மாதம் ஆனது. நிறைவேற்று மனுப் போட்டுப் பேருந்தை ஜப்தி செய்யக் கோருவோம் என்று எழுதிய பிறகே அதுவும் வந்தது.