நிகழ்ச்சித் திட்டம் யார் போடுவது: சாரண ஆசிரியரா, அணித் தலைவர்களா?

சாரணர் கூட்டத்துக்கு நிகழ்ச்சி திட்டமிட இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஆசிரியரே மூன்று மாதத்துக்கும் உட்கார்ந்து எழுதிவிடுவது. வேலை சீக்கிரம் முடியும். முடிச்சு, முதலுதவி, வரைபடம் என எதுவும் விடுபடாது. கயிறும் கட்டுத்துணியும் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். ஆனால் நான்காவது வாரம் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

இன்னொன்று, அணித் தலைவர்களோடு பேசி முடிவெடுப்பது. இது புதுசு இல்லை. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முகாமிலேயே பையன்களை 4 அணிகளாகப் பிரித்து, அணிக்கொரு தலைவனை வைத்தார். அணி என்றால் ஏழெட்டுப் பேர்தான். யாருக்கு என்ன ஆசை என்பது தலைவனுக்குத் தெரிந்துவிடும். முதல் கூட்டத்தில் கிரிக்கெட்டைத் தவிர வேறு யோசனையே வராது, அதற்குத் தயாராக இருங்கள். "சரி, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இரவு நடை, விறகடுப்புச் சமையல் என்று மெல்ல வரும். சோறு அடிப்பிடித்தாலும் அவர்கள் ஆக்கியது. மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்கள்.

என் ஓட்டு இரண்டாவதற்கு. புதிதாகத் தொடங்கிய குழு என்றால் மட்டும் முதல் மாதத்தை நீங்களே எழுதுங்கள். நெருப்பு, நீச்சல் விஷயத்தில் பாதுகாப்பு முடிவு எப்போதும் பெரியவர்கள் கையில்தான்.