நெருஞ்சி முள்ளும் இரண்டு குருவிகளும்

பசிபிக் கடலின் கலபகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னி மேஜர் தீவில் இரண்டு ஃபிஞ்ச் குருவிகள். பெரிய தரை ஃபிஞ்சுக்கு நெருஞ்சி இனத்து முள்காய்தான் முக்கிய உணவு. கனத்த அலகால் காயை நொறுக்கி விதைகளைக் காலி செய்துவிடும். நடுத்தர தரை ஃபிஞ்ச் அதே காயின் ஓரத்தை உடைத்து ஒன்றிரண்டு விதை எடுப்பதற்குள் திணறிவிடும். ஆனால் அதற்குப் புல் விதை, பொடி விதை எதுவும் ஆகும்.

1977 வறட்சியில் பெரிய ஃபிஞ்ச் அங்கே குடியேறியிருக்கவில்லை. பொடி விதைகள் தீர்ந்ததும், நடுத்தர ஃபிஞ்சுகளில் முள்காயை உடைக்கத் தெரிந்த பெரிய அலகுக்காரர்களே அதிகம் பிழைத்தன. மற்றவை கொத்துக் கொத்தாகச் செத்தன.

2003-04 வறட்சியில் கதை தலைகீழ். 1982-இல் இனப்பெருக்கம் தொடங்கிய பெரிய ஃபிஞ்சுகள் பெருகி, முள்காயைத் தின்று தீர்த்திருந்தன. காய் தீர்ந்ததும் அவையே பெருமளவில் மடிந்தன. அதே காயை நம்பிய நடுத்தர ஃபிஞ்சுகளும் போயின. பொடி விதை பொறுக்கும் சிற்றலகுகள்தான் ஓரளவு தப்பின.

சரி, எது மேல்? என் ஓட்டு நடுத்தர ஃபிஞ்சுக்கே. அந்த இனத்துக்குள்ளேயே பல அலகு, பல தீனி. 1973 முதல் உயிரியலாளர்களான பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி குருவிகளின் காலில் வளையமிட்டு, அலகை அளந்து வந்ததால்தான் இவ்வளவும் தெரிகிறது.