போஸ்டரா, ஃபிளெக்ஸா, ட்ரெய்லரா: நீலகிரியில் ஒரு புதுப்படத்துக்குக் கூட்டம் சேர்ப்பது எது?

புதுப்படம் வருகிற செய்தி இப்போது சென்னைக்காரருக்கும் மஞ்சூர்க்காரருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஃபர்ஸ்ட் லுக், மோஷன் போஸ்டர், முதல் பாட்டு, டீசர், ட்ரெய்லர் என்று படம் வருவதற்குப் பல மாதம் முன்பே எல்லாம் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. அப்புறம் எதற்குக் காகிதம், பசை, ஏணி என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். நீலகிரியில் படம் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. கோயம்புத்தூருக்குச் சரியாக இருக்கும் கணக்கு மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியதும் மாறிவிடும்.

முதலில், இங்கே ஒருவர் படத்துக்குக் கிளம்புவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கேத்தி பள்ளத்தாக்கிலோ குந்தா பக்கத்திலோ ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தியேட்டர் இருக்கும் ஊருக்கு பஸ்ஸில்தான் வர வேண்டும். வேலைக்குப் போகிற குடும்பத்துக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். இரவுக் காட்சி பார்த்தால் திரும்ப பஸ் கிடையாது. காட்டெருமையும் கரடியும் நடமாடும் சாலையில் நடந்து போகவும் முடியாது. அதனால் இங்கே ‘படம் எப்படி இருக்கும்’ என்ற கேள்வி இரண்டாவதுதான். எந்தத் தியேட்டர், எத்தனை மணிக் காட்சி, கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்பவை முதலில் வரும். விளம்பரம் எதுவாக இருந்தாலும் இந்த நாலு கேள்விக்கு எவ்வளவு பதில் சொல்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

சுவரொட்டியிலிருந்தே தொடங்கலாம். சினிமா வியாபாரத்தில் நீலகிரி கோவை ஏரியாவுக்குள் வருகிறது. போஸ்டரும் அந்தக் கணக்கிலேயே மேலே வரும். வியாழக்கிழமை இரவு ஊர் அடங்கியதும் ஒட்டுகிற வேலை நடக்கும். மைதாவைக் காய்ச்சி அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்த பசைதான் நெடுநாள் பழக்கம். துத்தம் கலந்தால் பூஞ்சை பிடிக்காது, ஆடு மாடும் வாய் வைக்காது. இந்தப் பசைக்கு வேண்டியது காய்வதற்கு ஒரு சில மணி நேரம். மலையில் கிடைக்காத பொருள் அதுதான். மூடுபனி இறங்கிய இரவில் ஒட்டிய காகிதம் காலையில் பார்த்தால் மேல் முனை மடங்கித் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு என்பதைக் கீழே இருந்து போஸ்டர் அனுப்புபவர்கள் கவனிப்பதில்லை. கூடலூர், நடுவட்டம், ஊட்டியின் மேற்குப் பக்கம் எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆக, ஆகஸ்ட் 15 விடுமுறையைக் குறிவைத்து வரும் படத்தின் போஸ்டர் கூடலூரில் நனைகிறது. தீபாவளிப் படத்தின் போஸ்டர் குன்னூரில் நனைகிறது. பொங்கல் படத்துக்குத்தான் யோகம். ஜனவரியில் உறைபனி விழுந்தாலும் பகலில் நல்ல வெயில் அடிக்கும், காகிதம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். ஒரே எண்ணிக்கையில் எல்லா ஊருக்கும் எல்லா மாதமும் அனுப்புவதை விட, மழை பெய்யும் பக்கத்துக்கு மறு ஒட்டுக்கென்று கூடுதல் தாள் அனுப்புவது புத்திசாலித்தனம்.

இத்தனை தொல்லைக்கும் மேலே நான் சுவரொட்டியின் பக்கம் நிற்பதற்குக் காரணம் அதன் அடியில் ஒட்டுகிற துண்டுத் தாள். ‘இன்று முதல்’, தியேட்டர் பெயர், தினசரி எத்தனை காட்சி, எந்த நேரம் என்று உள்ளூரில் அச்சடித்துப் போஸ்டரோடு சேர்த்து ஒட்டுவார்கள். மேலே இருக்கும் பெரிய படத்தைத் தயாரிப்பாளர் கொடுக்கிறார். இந்தச் சின்னத் தாளைத் தியேட்டர்காரர் கொடுக்கிறார். பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் மேலே ஒரு நொடி பார்ப்பார், கீழே நின்று படிப்பார். அங்கேயே பஸ் நேரத்தோடு கணக்குப் போட்டுவிடுவார்.

மலைக்கு மட்டும் உள்ள இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. இங்கே திரைகள் குறைவு. ஒரே வெள்ளிக்கிழமை நாலைந்து படம் வந்தால் எல்லாம் மேலே ஏறி வராது. ஒன்றோ இரண்டோதான் வரும். கைபேசியில் எல்லாப் படத்துக்கும் ட்ரெய்லர் ஓடும். எது நம் ஊருக்கு வந்திருக்கிறது என்று அது சொல்லாது. சுவரில் ஒட்டியிருந்தால் படம் ஊருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த உறுதி வேறு எதிலும் கிடைப்பதில்லை.

குடும்பத்தோடு வருபவர்களுக்குத் தணிக்கைச் சான்றிதழும் முக்கியம். விளம்பரத்தில் சான்றிதழ் வகையைக் காட்ட வேண்டும் என்பது விதி. மாதக்கணக்கில் முன்னால் வரும் ஃபர்ஸ்ட் லுக்கில் அது இருக்காது, ஏனென்றால் படமே அப்போது தணிக்கைக்குப் போயிருக்காது. படம் வரும் வாரத்துப் போஸ்டரில் இருக்கும். இப்போது யு/ஏ வகையையே 7, 13, 16 வயது என்று பிரித்துவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிக் குழந்தைகளோடு வருகிறவர் கவுன்ட்டரில் போய்த்தான் ‘ஏ’ படம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது அநியாயம். மூலையில் கடுகளவு எழுத்தில் போடாமல் துண்டுத் தாளிலும் அதைப் பெரிதாக அச்சடிக்கலாம்.

இனி போஸ்டரின் வடிவமைப்பு. இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். இப்போது வரும் போஸ்டர்கள் பெரும்பாலும் கைபேசிக்காகவே வரையப்படுகின்றன. கருநீலப் புகை, பாதி முகம், மெல்லிய வெள்ளி எழுத்தில் படத்தின் பெயர். திரைக்குப் பின்னால் விளக்கு இருப்பதால் கைபேசியில் அது அற்புதமாகத் தெரிகிறது. அதையே காகிதத்தில் அச்சடித்தால் இருட்டு இன்னும் இருட்டாகும். பனியில் நனைந்தால் தாள் மேலும் கறுக்கும். மதியம் மூன்று மணிக்கே பஸ்கள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வரும் குன்னூர்ச் சாலையில் அந்தப் போஸ்டர் ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். சிவகாசி அச்சில் வந்த பழைய போஸ்டர்களில் மஞ்சளும் சிவப்பும் கொட்டிக் கிடக்கும், கட்டை விரல் தடிமனுக்கு எழுத்து இருக்கும். பட்டிக்காட்டு ரசனை என்று அதைச் சொன்னவர்கள் உண்டு. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து மூடுபனிக்குள் படிக்க முடிந்தது அந்த எழுத்தைத்தான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வெயிலில் முதலில் வெளுப்பது மஞ்சளும் இளஞ்சிவப்பும்தான். பழைய போஸ்டர் நீலம் பாரித்துப்போய்த் தெரிவதற்கு அதுவே காரணம். மலை உச்சியில் வெயில் சுள்ளென்று இருக்கும் மாதங்களில் வெளுப்பு சீக்கிரமே தொடங்கும். ஆனால் இப்போது ஒரு படம் இங்கே ஓடுவது பெரும்பாலும் இரண்டு வாரம். ஃபிலிம் பெட்டி வந்த காலத்தில் படமே கீழே ஓடி முடித்துத் தாமதமாக மேலே வரும், வந்தால் நின்று ஓடும், போஸ்டரும் நீடித்து நிற்க வேண்டியிருந்தது. டிஜிட்டல் புரொஜெக்ஷன் வந்த பிறகு சென்னையில் வரும் நாளிலேயே ஊட்டியிலும் வருகிறது, சீக்கிரமே போய்விடுகிறது. இரண்டு வாரத்துக்கு மஞ்சள் தாக்குப்பிடிக்கும்.

ஃபிளெக்ஸுக்கு வருவோம். மழையைத் தாங்குவதில் காகிதம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. தூரத்திலிருந்து தெரியும், மாதக்கணக்கில் நிறம் போகாது. வெறும் வசதியை மட்டும் பார்த்தால் மலைக்கு ஏற்றது ஃபிளெக்ஸ்தான். இருந்தும் நான் அதை வேண்டாம் என்கிறேன். அது பாலியெஸ்டர் வலையின் மேல் பூசிய பிவிசி, மக்காது. தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரியில். நீலகிரி அதற்குப் பல ஆண்டு முன்பே, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, பிளாஸ்டிக் பைகளை ஒதுக்கித் தள்ளிய மாவட்டம். தண்ணீர் பாட்டிலோடு வரும் சுற்றுலாப் பயணியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டு, இருபது அடி பிவிசித் துணியைச் சந்திப்பில் கட்டுவது எப்படி நியாயமாகும்? படம் போன பிறகு அந்தத் துணி விறகுக் குவியலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் மேல் கூரையாகிறது. அதுவும் கிழிந்த பிறகு ஓடைக்குத்தான் போகிறது. இங்கே ஓடுகிற ஓடைகள் பெரும்பாலும் பவானியிலும் மாயாற்றிலும் போய்ச் சேர்பவை.

ஆபத்தும் இருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் இருசக்கர வாகனத்தில் போய்க்கொண்டிருந்த ஓர் இளம்பெண் மீது பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரி மோதி அவர் உயிர் போனது. அதற்குப் பிறகு முன்னணி நடிகர்களே பேனர் வைக்க வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். சமவெளிச் சாலைக்கே அப்படி என்றால், ஜூன், ஜூலைக் காற்றில் கொண்டை ஊசி வளைவில் சவுக்குக் கம்பில் கட்டிய பேனரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

சுவரொட்டியும் சட்டத்துக்கு வெளியே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க இந்த மாநிலத்தில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. பள்ளிச் சுவரிலும் பயணிகள் நிழற்குடையிலும் கண்ட இடத்தில் ஒட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. மரத்தில் ஆணி அடித்து மாட்டுவது அதைவிட மோசம். கேட்டு வாங்கிய கடைச் சுவர், தியேட்டர்காரரே வைத்துக்கொள்ளும் தட்டி, இவை போதும். பஸ் நிற்கும் இடத்தில் சரியான ஒரு தட்டி, ஊர் முழுக்க ஒட்டிய நூறு தாளுக்குச் சமம்.

ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பும் நோட்டீஸும் என் சின்ன வயதோடு ஏறக்குறைய முடிந்துவிட்டன. மலையில் அந்தக் குரல் எதிர்ச் சரிவு வரைக்கும் கேட்கும், ஆனால் எதிரொலியில் வார்த்தை பிடிபடாது. படம் வந்திருக்கிறது என்பது தெரியும், எந்தப் படம் என்பது தெரியாது. உள்ளூர் கேபிளில் ஓடும் எழுத்து விளம்பரம் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் வேலை செய்கிறது. செலவும் குறைவு. செய்யலாம்.

கைபேசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆசையை மூட்டுவதில் ட்ரெய்லருக்குப் பக்கத்தில் எதுவும் வராது. இரண்டரை நிமிடத்தில் இசை, முகம், கதையின் வாசம் எல்லாம் கிடைத்துவிடுகிறது. பெரிய நடிகரின் படம் என்றால் மலையிலும் அதுவே போதும். முதல் நாள் டிக்கெட்டை இளைஞர்கள் அவர்களாகவே தேடிப் பிடித்துவிடுவார்கள். அந்தப் படத்துக்கு இங்கே சுவர் முழுக்க ஒட்டுவது வீண் செலவு என்பது என் முடிவு. சிக்கல் சின்னப் படங்களுக்கு. ட்ரெய்லரைப் பார்த்து ஆசைப்பட்டவர், தியேட்டர் தகவல் கிடைக்காமல், நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார். ஆசையை மூட்டிய அதே கைபேசி அவரை வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது. தோட்டப் பகுதிகளில் பல இடத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாய்வழிச் செய்தி இந்த எல்லாவற்றையும் தாண்டிப் போகும் என்பதற்கு மலையிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ கொடைக்கானல் குணா குகையில் நடந்த உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த மலையாளப் படம். தமிழ்நாட்டில் அது ஓடிய ஓட்டம் சுவர் விளம்பரம் கொடுத்தது கிடையாது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களை அனுப்பிவைத்தார்கள். ஆனால் வாய்வழிச் செய்தி பரவ ஒரு வாரமாவது வேண்டும், அந்த ஒரு வாரம் படம் தியேட்டரில் இருக்க வேண்டும். மலைத் தியேட்டரில் முதல் மூன்று நாள் காற்று வாங்கினால் திங்கட்கிழமை படத்தை மாற்றிவிடுவார்கள். அந்த மூன்று நாளுக்கு ஆள் கொண்டுவருவதற்குத்தான் சின்னப் படத்துக்குச் சுவரும் துண்டுத் தாளும் வேண்டும் என்கிறேன்.

சீசன் கதை தனி. மே மாத மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டம் சுவரைப் பார்ப்பதில்லை. மாலையில் மழை பிடித்துக்கொண்டால் அறைக்குள் உட்கார்ந்து பக்கத்தில் என்ன படம் ஓடுகிறது என்று தேடும். அவர்களுக்கு டிக்கெட் செயலியில் காட்சி நேரம் சரியாக இருந்தால் போதும். விடுதி வரவேற்பறையில் ஒரு சின்ன அட்டை வைத்தால் இன்னும் நல்லது.

ஒரு சின்னப் படத்தை நாளைக்கு என்னிடம் கொடுத்து மலைக்கு விளம்பரம் செய்யச் சொன்னால் ஃபிளெக்ஸுக்கு ஒரு ரூபாய் கூட ஒதுக்க மாட்டேன். வடிவமைப்பாளரிடம் மலைக்கென்று தனி போஸ்டர் கேட்பேன்: வெளிர்ப் பின்னணி, தடித்த எழுத்து, கீழே ஒரு சாண் காலி இடம். துண்டுத் தாளில் காட்சி நேரத்தோடு, படம் எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் போடுவேன். இதுவரை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. பஸ் பிடிக்க வேண்டியவருக்கு அதைவிடத் தேவையான தகவல் கிடையாது. ஒட்டி முடித்ததும் அந்தத் துண்டுத் தாள் தெரிகிற மாதிரி போஸ்டரைப் படம் எடுத்து, தியேட்டர் ஊழியர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஊர்க் குழுக்களிலும் வியாழக்கிழமை இரவே போடச் சொல்வேன். ட்ரெய்லரின் சுட்டியை அதற்குக் கீழே கொடுக்கலாம். அந்த மாதம் மழை பெய்யும் பக்கத்துக்கு மட்டும் மறு ஒட்டுக்கு ஒரு கட்டு தாள் கூடுதலாகப் போகும்.