ஜியோகேஷிங் ஆப்: சிங்கப்பூர் சுத்திப் பார்க்க உதவுமா?

சிங்கப்பூர் போறவங்க ஒரு நாளாவது இந்த ஆப்பை வச்சு சுத்திப் பாருங்க, டூர் பஸ் நிக்காத இடமெல்லாம் கண்ணுல படும். புதுசா கேக்குறவங்களுக்கு, யாரோ ஒரு டப்பாவ (இதுக்குப் பேருதான் கேஷ்) ஒளிச்சு வச்சு ஜிபிஎஸ் பாயிண்ட் போட்டிருப்பாங்க, நாம தேடிப் பிடிச்சு உள்ள இருக்குற லாக் ஷீட்ல பேர் எழுதிட்டு எடுத்த இடத்துலயே திருப்பி வச்சிரணும், அவ்வளவுதான் விளையாட்டு. 2000 மே மாசம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே வச்சிருந்த பிழைய எடுத்துவிட்ட கையோட ஓரிகன்ல ஆரம்பிச்சது இது.

ஆப்பைத் திறந்தா மேப் முழுக்க புள்ளிதான். பக்கத்துல இருக்குன்னு கிளம்பிடாதீங்க, கம்பிக்கு அடியில ஒட்டுன விரல்நுனி சைஸ் காந்த டப்பாவாத்தான் பாதி இருக்கும், ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. வெளியூர்க்காரங்க முதல்ல பாக்க வேண்டியது ஃபேவரிட் பாயிண்ட், அதாவது கண்டுபிடிச்சவங்க தங்களுக்குப் பிடிச்ச டப்பாவுக்குக் குடுக்குற பாயிண்ட். காசு கட்டுன மெம்பருக்கு பத்து டப்பா கண்டுபிடிச்சாதான் ஒரு பாயிண்ட் குடுக்க கிடைக்கும், அதனால யாரும் சும்மா தூக்கிக் குடுக்க மாட்டாங்க. ஆனா பழைய கேஷுக்கு வயசாலயே பாயிண்ட் சேர்ந்திருக்கும், எத்தனை பேர் கண்டுபிடிச்சாங்கன்னும் சேர்த்துப் பாருங்க, நூறு பேர்ல நாப்பது பேர் குடுத்திருந்தா கண்ண மூடிட்டு போகலாம். அப்புறம் தேடிப் போனவங்க ஆப்ல எழுதுன கடைசி லாக் நாலஞ்சு படிங்க, வரிசையா கிடைக்கலன்னு இருந்தா டப்பா காணாம போயிருக்கும், பஸ் காசு மிச்சம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சதர்ன் ரிட்ஜஸ்ங்கிற குன்று மேல போற நடைபாதை. மவுன்ட் ஃபேபர்ல ஏறி, ரோட்டுக்கு 36 மீட்டர் மேல போற ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் தாண்டி நடந்துக்கிட்டே தேடலாம், நிழலும் இருக்கு காத்தும் இருக்கு. பழைய மலாயா ரயில் பாதைய நடைபாதையாக்கி வச்சிருக்குற ரயில் காரிடாரும் அருமை, 24 கிலோமீட்டர், முழுசும் நடக்கணும்னு இல்ல. மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பக்கம் போனா கையில பிளாஸ்டிக் கவர் வேண்டாம், குரங்கு பிடுங்கிடும். மரம் அடர்த்தியா இருக்குறதால ஆப்ல அம்பு தடுமாறும், டப்பா வச்சவங்க குடுத்திருக்குற ஹின்ட்டை நம்புங்க, அம்பு காட்டுதுன்னு பாதைய விட்டு காட்டுக்குள்ள இறங்காதீங்க, அங்க அது சட்டப்படி தப்பு. ராஃபிள்ஸ் பிளேஸ் மாதிரி உயரமான பில்டிங் நடுவுலயும் இதே தடுமாற்றம்தான்.

குழந்தைங்களோட போறவங்களுக்கு எர்த்கேஷ் நல்ல சாய்ஸ். டப்பாவே கிடையாது, அந்த இடத்துப் பாறை, மண்ணைப் பாத்து கேள்விக்கு பதில் அனுப்பணும், காணாம போற பிரச்சனையே இல்ல.

காசு விஷயம்: இலவச அக்கவுண்ட்ல, காசு கட்டுன மெம்பருக்கு மட்டும்னு வச்ச பிரீமியம் கேஷ் எல்லாம் பூட்டித்தான் இருக்கும், வடிகட்டுற வசதியும் குறைவு. ரெண்டு மூணு நாள் பயணத்துக்கு இலவசமே போதும். ஒரு வாரத்துக்கு மேல தங்கி சீரியஸா தேடப் போறீங்கன்னா ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டுங்க, லிஸ்டை டவுன்லோட் பண்ணி வச்சா ரோமிங் டேட்டாவும் மிச்சம். ஆண்ட்ராய்டுக்காரங்க சி:ஜியோ ஆப்பையும் போட்டுப் பாருங்க, அது இலவசம், ஆஃப்லைன்லயும் சேமிக்கலாம். ஃபேவரிட் பாயிண்ட் வச்சு வடிகட்டுற வசதிய மட்டுமாவது எல்லாருக்கும் திறந்து விட்டா அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன், இப்போதைக்கு நாலு.