மர்மப் பெட்டியும் நாலாவது ஆளும்

நெல்லை வண்ணார்பேட்டையில் ஃபிளெக்ஸ் பேனர் அச்சடிக்கிறவன் நான். பாளையங்கோட்டையில் கல்லூரி முடித்த என் அண்ணன் மகன், நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு மொபைல் விளையாட்டு செய்திருக்கிறான். பனையேறி ஒருவர் கலயத்துப் பதநீர் சிந்தாமல் மரம் இறங்க வேண்டும். கட்டைவிரல் ஒன்று போதும். விளம்பரத்துக்குக் கையில் 30,000 ரூபாய் வைத்திருக்கிறார்கள்.

"சித்தப்பா, ஜங்ஷன் பஸ் நிலையத்தில் பூட்டிய பெட்டி ஒன்றை வைப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஊரே பேசும்" என்றான்.

ஊர் பேசுவதற்கு முன் போலீஸ் பேசும் என்றேன். 2014-இல் வாட்ச் டாக்ஸ் விளையாட்டுக்காக சிட்னியில் ஒரு செய்தி நிறுவனத்துக்குக் கறுப்புப் பெட்டகம் ஒன்றை அனுப்பினார்கள். எண்ணை அழுத்தியதும் அது பீப் பீப் என்று கத்த, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து திறக்கவேண்டியதாயிற்று. உள்ளே விளையாட்டின் பிரதியும் தொப்பியும்! விளையாட்டு முதல் வாரத்தில் 40 லட்சம் விற்றது உண்மைதான். ஆனால் 2012 முதலே அதைக் காட்டிக் காட்டி ஆசை மூட்டியிருந்தார்கள். பெட்டியின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

இந்த மர்ம வகையில் நான் மனதார மெச்சுவது, 2004-இல் ஹேலோ 2 என்ற விளையாட்டுக்காக நடந்த 'ஐ லவ் பீஸ்' என்ற புதிர் விளம்பரம். திரையரங்கு முன்னோட்டத்தின் கடைசியில் ஓர் இணைய முகவரி கண்ணிமைக்கும் நேரம் வந்து மறையும். போய்ப் பார்த்தால் தேன் விற்கும் தளம், யாரோ உள்ளே புகுந்து குலைத்துவைத்தது போல. அங்கே கிடந்த எண்களை ஆயிரக்கணக்கானோர் கூடி உடைத்தார்கள். அவை பொதுத் தொலைபேசிகள் இருக்கும் இடங்களும், அவை ஒலிக்கப்போகும் நேரங்களும். போய் நின்றார்கள், மணி அடித்தது. விளையாட்டு முதல் நாளே அமெரிக்காவிலும் கனடாவிலும் 12.5 கோடி டாலருக்கு விற்றது. ஆனாலும் 2001-இல் வந்த முதல் பாகத்துக்கே பெருங்கூட்டம் இருந்தது. தேர் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது. வடம் பிடித்தவர்களில் இவர்களும் உண்டு, அவ்வளவுதான்.

நகராத தேருக்கு உதாரணம், அக்லெய்ம் என்ற விளையாட்டு நிறுவனம். 2002-இல் கல்லறைக் கற்களில் விளம்பரம் வைக்கக் காசு தருவதாகவும், வேகமாக வண்டி ஓட்டி வாங்கும் அபராதத்தைத் தாங்கள் கட்டுவதாகவும், குழந்தைக்குத் தங்கள் விளையாட்டு நாயகனின் 'டுரோக்' என்ற பெயரை வைத்தால் பரிசு என்றும் அறிவித்தது. (சொல்லிப் பாருங்கள், துரோகத்தில் முக்கால்வாசி.) பத்திரிகைகள் எல்லாவற்றையும் எழுதின. 2004-இல் நிறுவனம் திவாலாயிற்று. விளம்பரம் அதற்குக் காரணமில்லை. அதைத் தடுக்கவும் இல்லை.

தாங்கள் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் பெரிய ஸ்ட்ரீமர்களுக்குக் காசு கொடுத்து ஆடவைப்பது அடுத்த வழி. 2019 பிப்ரவரியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அப்படித்தான் இலவசமாக வந்து, ஒரே வாரத்தில் 2.5 கோடிப் பேரை இழுத்தது. பலிக்கிற வழிதான். 30,000 ரூபாய்க்குப் பலிக்காது.

கடைசி வழிதான் எனக்குப் புரிகிற வழி. அமாங் அஸ் 2018 ஜூனில் வெளியாகி, கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2020 ஊரடங்கில் ஸ்ட்ரீமர்கள் சிலர் அதை எடுத்து ஆட, உலகமே ஆடியது. இரண்டாம் பாகம் அறிவித்திருந்த சிறு குழு, அதைக் கைவிட்டுப் பழையதையே செப்பனிட ஓடியது. நாலு பேராவது சேராமல் அந்த ஆட்டம் தொடங்காது. ஆகவே ஆடுகிற ஒவ்வொருவனும் ஆள்பிடிக்கும் தரகன்.

இதை என் கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சிலேயே கண்டிருக்கிறேன். ஃப்ரீ ஃபயர் ஆட மூன்று பையன்கள் நாலாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். டீ ஆடை கட்டிவிட்டது. பொறுக்காமல் ஒருவன் தன் தம்பியைக் கூப்பிட்டு, அவன் போனில் விளையாட்டை இறக்கி, எந்த விரலை எங்கே வைப்பது என்று பிடித்துக் காட்டி உட்காரவைத்தான். 18 ஆண்டுகளில் நான் அடித்த எந்த பேனரும் இதைச் செய்ததில்லை. திறப்பு விழா பேனர் முதல் நாள் கூட்டத்தைக் கொண்டுவரும். மூன்றாம் நாள் கூட்டம் பரோட்டாவைப் பொறுத்தது. அதற்குள் பேனர் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகியிருக்கும்.

"ஃபிளாப்பி பேர்ட் தனியாள் ஆட்டம்தானே?" என்று அண்ணன் மகன் மடக்கினான். சரிதான். 2013 மே மாதம் வந்து, மாதக்கணக்கில் சும்மா கிடந்து, 2014 தொடக்கத்தில் திடீரென்று பற்றிக்கொண்டது. பிப்ரவரியில் செய்தவரே அதை எடுத்துவிட்டார். கோடை மழை அது. அதை நம்பி யாராவது நாற்று விடுவார்களா?

"உன் பனையேறி இறக்கும் கலயத்தைக் கீழே நின்று வாங்க ஓர் ஆள் வேண்டாமா? இன்னொரு போனில், இன்னொருவர்?" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

"மூன்று வாரம் ஆகும், சித்தப்பா."

பெட்டிப் பேச்சு அதோடு நின்றது. போகும்போது, 10-க்கு 8-இல் ஒரு பேனர் மட்டும் இலவசமாக அடித்துத் தரச் சொல்லிவிட்டுப் போனான்.