வேர் இல்லாத மரத்துக்கு 700 டாலர்

சான் டியேகோ பக்கம் வீட்டுத் தோட்டத்தில் மரக்கற்றாழை வைக்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான் மரினோவில் இருக்கும் ஹண்டிங்டன் தாவரத் தோட்டத்துக்குப் போய்வந்ததில் பிடித்த ஆசை இது. நமக்குக் கற்றாழை என்றால் முழங்கால் உயரம்தான். அங்கே அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. நான் தேடியது டைகாட்டமம், அதாவது அம்பறாத்தூணி மரம். தெற்கு நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் பகுதியிலும் வளர்வது. அதன் கிளையைக் குடைந்துதான் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான சான் மக்கள் அம்பு வைக்கும் தூணி செய்தார்கள். பொன்னிறமாக உரியும் பட்டை, சாம்பல் பூத்த சின்ன இலைகள், மஞ்சள் பூ. உயரமும் 30 அடிக்குள் நின்றுவிடும்.

ஆன்லைனில் ஒரு தனி ஆள் விளம்பரம் போட்டிருந்தார். ஏழடி உயரம், மூன்று கிளை, "நன்றாக வேர் பிடித்தது", 700 டாலர். அந்த விலையிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். டைகாட்டமம் அவ்வளவு மெதுவாக வளரும். ஏழடி வருவதற்குள் வளர்த்தவருக்கு நரை விழுந்துவிடும். ஆனால் ஆசை கண்ணை மறைத்தது. பாதி ரொக்கம், பாதி ஸெல் வழியாக (வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் சேவை). ரசீது கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் விற்றவரும் இன்னொருவரும் பிக்கப் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். 24 இன்ச் மரப்பெட்டி, மூன்று முட்டுக்கட்டை, தண்டைச் சுற்றி இறுக்கமாகக் கயிறு. "மூணு மாசத்துக்குக் கட்டை அவிழ்க்காதீங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடுங்க" என்று விற்றவர் சொல்லிவிட்டு, கராஜ் முன்னால் மரத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பெட்டியின் பலகையை மட்டும் பிரித்து, முட்டுக்கட்டையோடு அப்படியே குழியில் இறக்கினோம், வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி. அதனால் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

ஏழு வாரம் மரம் பச்சையாகத்தான் நின்றது. இதில்தான் விஷயமே இருக்கிறது. ஊரில் கடை வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமே! இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்த நீர் போதும். வேரே இல்லாத மரமும் அப்படித்தான் நின்று நம்மை நம்பவைக்கும்.

அக்டோபரில் சான்டா ஆனா காற்று (பாலைவனப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று) ஒரு நாள் பலமாக அடித்தது. காலையில் பார்த்தால் கயிறு தளர்ந்து மரம் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. தூக்கி நிமிர்த்தப் போனேன், கையோடு வந்துவிட்டது. அடியில் ரம்பத்தால் அறுத்த தட்டையான முகம். ஓரத்தில் மண்புழு மாதிரி நாலைந்து வேர், நடுவெல்லாம் கறுத்து, விரல் வைத்தால் உள்ளே போகும் கூழ். அழுகின உருளைக்கிழங்கு வாடை. யார் வீட்டுப் பெரிய மரத்திலிருந்தோ அறுத்த கிளையை மண்ணில் குத்தி, கட்டிவைத்து விற்றிருக்கிறார்.

கிளையை வெட்டி வைப்பது தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மரக்கற்றாழை அப்படியும் வளரும். ஆனால் வெட்டுவாயைச் சில வாரம் நிழலில் காயவிட வேண்டும், வேர் வரும்வரை தண்ணீர் விடாமல் கைகட்டி இருக்க வேண்டும். வெட்டின கிளை என்று சொல்லி விற்றிருந்தால் அதற்கேற்ற விலை கொடுத்து அதற்கேற்றபடி பார்த்திருப்பேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடச் சொன்னதுதான் அதை அழுகவைத்தது.

அடுத்த தெருவில் கள்ளி, கற்றாழை வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வந்து பார்த்தவர் இலையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். இரண்டடி நீளம், நடுவில் வாய்க்கால் மாதிரி குழிந்து, கீழே வளைந்த கரும்பச்சை இலை. பட்டையில் பொன்னிறமே இல்லை. இது டைகாட்டமம் இல்லை, பார்பரே என்ற வேறு வகை மரக்கற்றாழை. தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதி மரம். சொந்த மண்ணில் 60 அடி வரை போகும், அடிமரம் யானைக்கால் போலப் பருக்கும். அதைத்தான் சுவருக்கு ஐந்தடியில் நட்டிருந்தேன்! பிழைக்காததே நல்லது என்று என் மனைவி சொன்னதில் நியாயம் இருக்கிறது.

வாங்கும்போது தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். வேர் பிடித்த மரம் என்றால் தொட்டியும் சேர்ந்து அசையும்; தண்டு மட்டும் மண்ணுக்குள் ஆடினால் திரும்பிவிடுங்கள். முட்டுக்கட்டை இருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் அதுவே பதில். தொட்டி ஓட்டை வழியாக வேர் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். ரசீதில் முழுத் தாவரப் பெயரையும் எழுதி வாங்குங்கள். இலை அடியில் காலிஃபிளவர் போலக் கட்டி இருந்தால் அது கற்றாழைச் சிலந்திப்பேன் என்ற நுண்ணிய உயிரியின் வேலை. உங்கள் மற்றக் கற்றாழைகளுக்கும் தொற்றும்.

அழுகினதை வெள்ளைச் சதை தெரியும்வரை அறுத்து, கந்தகத் தூள் பூசி, கராஜில் ஐந்து வாரம் சாய்த்து வைத்தேன். மூன்றில் ஒரு கிளை பிழைத்து, பியூமிஸ் என்ற நுரைக்கல் நிரப்பின தொட்டியில் இப்போது புது இலை விடுகிறது. பணம் வரவில்லை. விற்றவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

போன வாரம் அவருடைய புது விளம்பரம் கண்ணில் பட்டது. நன்றாக வேர் பிடித்த டைகாட்டமம், 850 டாலர். படத்தில் மரத்துக்குப் பின்னால் இருப்பது என் வீட்டு கராஜ் கதவு.